தெய்வானையின் சவுரி

ரெங்கம்மாவின் தலையில் மாரியாத்தா வந்து இறங்கியிருக்கிறாள் என்று தோட்டம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ரெங்கம்மா மட்டும் அப்படிச் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. வினை அங்கேதான் இருந்தது.

தெமோதரைக்கு மேலே, ரயிலில் போகிறவர்கள் கண்ணுக்குத் தகரக்கூரை மட்டும் தெரிகிற லயம் அது. ஒட்டி ஒட்டி நின்ற ஒற்றை அறைகளில் கடைசிக் காம்பரா அவளுடையது. புருஷன் வீரய்யா கவ்வாத்துக்காரன். தேயிலைச் செடியின் தலையை வெட்டுகிற அந்தக் கத்தியோடு அவன் பேசுகிற அளவுக்கு மனிதர்களோடு பேசமாட்டான். பெண்பிள்ளைகள் இரண்டு. மூத்தவள் தெய்வானை, தோட்டத்தில் பேர் பதிந்து கொழுந்து எடுக்க மலைக்குப் போய்க்கொண்டிருந்தவள், போன வருஷம் செத்துப்போனாள். இளையவள் ஜெயலெட்சுமி. அவளுக்கு இப்போதுதான் முன்பல் விழுந்து முளைத்துக்கொண்டிருந்தது.

தெய்வானைக்கு முடி என்றால் அப்படி ஒரு முடி. உட்கார்ந்தால் பாயில் புரளும். விடிகாலையில் வேலைக்கு ஆள் கூட்டுகிற பெரட்டுக்குத் தப்பு அடித்து, எல்லோரும் படங்குச் சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடுகிற நேரத்தில், அவள் மட்டும் வாசல் இஸ்தோப்பில் நின்று வகிடு எடுத்துக்கொண்டிருப்பாள். கங்காணி கத்துவார். "ஏ புள்ள, கொழுந்து எடுக்கப் போறியா, கல்யாணத்துக்குப் போறியா?" அவள் காதிலேயே வாங்கமாட்டாள். தலை சீவாமல் பீலிக்குத் தண்ணீர் எடுக்கக்கூடப் போகமாட்டாள்.

"ஒரு நாளைக்கு அரைப்பேருதான் விழப்போவுது பாரு, பாதிச் சம்பளந்தான்" என்று ரெங்கம்மா திட்டுவாள்.

"விழட்டும். ஒன்னைய மாதிரி மொட்டத் தலையா என்னால நிக்க ஏலாது."

பிள்ளை சொன்னதிலும் பொய்யில்லை. கொழுந்துக் கூடையின் கயிறு உச்சந்தலையில்தான் மாட்டும். கூடை நிறைய நிறையக் கயிறு இழுக்கும். பால்குடி மறந்த வயதிலிருந்து மலையேறிய ரெங்கம்மாவுக்கு அந்த இடத்தில் வகிடு எது, வழுக்கை எது என்று தெரியாது. தெய்வானை கெட்டிக்காரி. கயிற்றுக்கு அடியில் பழைய துணியை நான்காக மடித்து வைத்துக்கொள்வாள். மற்றப் பெண்கள் "மகாராணி கிரீடம் வச்சிட்டா" என்று கிண்டல் பண்ணுவார்கள்.

போன வருஷம் மாவுக்கும் அரிசிக்கும் சனம் பேயாய் அலைந்த வருஷம். மரவள்ளிக் கிழங்கு கிடைத்த வீட்டில் அன்றைக்கு விருந்து. கிடைக்காத வீட்டில் கீரையை அவித்து உப்புப் போட்டுக் குடித்துவிட்டுப் படுத்தார்கள். அந்தப் பசியின் மேலேயே நெருப்புக் காய்ச்சல் வந்தது. நாளைக்கு இறங்கும், நாளைக்கு இறங்கும் என்று கொத்தமல்லித் தண்ணி கொடுத்துப் பார்த்துவிட்டு, கடைசியில்தான் தெய்வானையை பதுளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கினார்கள். தலை நெருப்பாய்க் கொதிக்கிறது, முடியை எடுத்துவிட்டால் நல்லது என்றாள் அங்கிருந்த நர்ஸ் மிஸ்ஸி. ரெங்கம்மாதான் எடுத்தாள். பின்னலைப் பிரிக்காமல் அப்படியே வைத்து வெட்டினாள். பிள்ளை அழவில்லை. கத்தரிக்கோல் நின்ற பிறகு கேட்டாள்.

"வளரும்ல?"

"ஏன் வளராம? ஒனக்கா வளராது?"

"வளர்ற வரைக்கும் சவுரி வச்சுக்கிறேன். இதைத் தூக்கிப் போட்டுறாத. டவுன்ல சவுரி கட்டிக் குடுப்பாங்களாம்ல."

கட்டிக் கொடுக்க ஆள் இருந்தது. ஆஸ்பத்திரிப் பாதையில் வளையல், ரிப்பன், பவுடர் விற்கிற நிஸாமின் கடை. அவர் மனைவி ஸவாஹிரா கடைக்குப் பின்னறையில் உட்கார்ந்து சவுரி கட்டுவாள். வேரெல்லாம் ஒரு பக்கம், நுனியெல்லாம் ஒரு பக்கம் வரும்படி முடியை அடுக்கி, தலைப்பில் சிவப்பு நூலை இறுக்கச் சுற்றிக் கொடுப்பது அவள் கைப்பழக்கம். ரெங்கம்மா அதைப் போய் வாங்கிக்கொண்டு வந்தபோது, வீரய்யா ஆஸ்பத்திரி வாட்டுக்கு வெளியே சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தான். அவன் திரும்புவதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

கருமாதி அன்றைக்குச் செத்தவளுடைய உடுதுணி, பாய், சீப்பு, கண்ணாடி எல்லாவற்றையும் ஆற்றில் விட்டார்கள். அதுதான் வழக்கம். போனவர்களின் பொருள் வீட்டில் இருந்தால் அவர்கள் திரும்பித் திரும்பி வருவார்களாம். வந்தால் வரட்டுமே என்று ரெங்கம்மாவுக்கு இருந்தது. சவுரியை அரிசி இல்லாத அரிசித் தகரத்துக்குள் போட்டு மூடினாள். பிறகு ஒருநாள், வீட்டில் யாரும் இல்லாத வேளையில், எடுத்துத் தன் முடியோடு சேர்த்துப் பின்னிக் கொண்டை போட்டாள். கூடைக் கயிறு இழுத்தாலும் கழன்று விழாதபடி தன் முடியை இழை இழையாக அதற்குள் விட்டுப் பின்னினாள். கொண்டை பெரிதானதை யார் கவனித்தார்கள்? அந்த வருஷம் அவரவர் வயிறு அவரவருக்கு.

அவள் அதைக் கழற்றவே இல்லை. கழற்றினால் எங்கே வைப்பது? ஒரே அறை, ஒரே குப்பிலாம்பு, பக்கத்துக் காம்பராவில் இருமினால் இங்கே தூக்கம் கலையும். ஆகவே அதோடுதான் படுத்தாள், அதோடுதான் மழையில் நின்றாள். ஊவா மலையின் மழை பெய்தால் பெய்துகொண்டே இருக்கும். மழைக்குப் போர்த்திய கம்பளியின் வேர்வை, தேயிலைக் கறை, கயிற்றின் உராய்வு எல்லாம் அதன் மேலேயே இறங்கின. தேங்காய் எண்ணெய் கறிக்கே கிடைக்காத காலத்தில் தலைக்கு எங்கே போவது? இரண்டு முடியும் ஒன்றோடொன்று பின்னி, இறுகி, கடைசியில் சீப்பின் ஒரு பல்கூட நுழையாத கட்டியாகிவிட்டது.

இந்த வருஷம் திருவிழாவில், சாமியை அழைத்துக் கரகம் பாலிக்கிற நேரத்தில், தப்பும் உடுக்கும் ஒன்றாய் உச்சத்துக்குப் போனபோது, நெரிசலில் யாரோ கை பட்டுக் கொண்டை அவிழ்ந்தது. அது முடியாக அவிழவில்லை. கயிறு போலத் தடித்துத் தொப்பென்று முதுகில் விழுந்தது. பெண்கள் "ஆத்தா!" என்று பின்வாங்கினார்கள். பூசாரி சிவஞானம் ஓடி வந்து பார்த்தார். அவரும் கவ்வாத்துக்காரர்தான், வீரய்யாவுக்குக் கூட்டாளி. கண் கலங்க மஞ்சள் தூளை அள்ளி அந்தக் கட்டியின் மேல் பூசினார்.

"சடை விழுந்திருக்கு. இது அவ எறங்கி உக்காந்த எடம். இதுல சீப்பு படக்கூடாது, கத்தி படக்கூடாது. தாயி, நீ குடுத்து வச்சவ."

வீரய்யா ஊர்சனம் பார்க்கப் பெண்டாட்டியின் காலில் விழுந்தான்.

அப்போதே வாயைத் திறந்திருக்கலாம். திறந்தால் என்ன நடக்கும் என்றும் அவளுக்குத் தெரியும். செத்தவள் முடியைத் தலையில் வைத்துக்கொண்டு சாமிக்கு முன்னால் நிற்கிறாளே என்று அடுத்த நிமிஷமே அதை அறுத்து ஆற்றில் விட்டிருப்பார்கள். சடை என்று சொன்னதால் ஒரு கை அதன் மேல் படாது. மகளுக்கு மாரியாத்தாவே காவல் என்று நினைத்து அவள் வாயை மூடிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு ரெங்கம்மாவுக்கு மலையில் கொழுந்து செழித்த நல்ல நிரையாய்ப் பார்த்துக் கொடுத்தார்கள். கங்காணி அவளைப் பார்த்துக் கத்துவதை விட்டார். ஆனால் தேத்தண்ணி நேரத்தில் யாரும் பக்கத்தில் உட்காரவில்லை. ரொட்டியும் சம்பலும் பகிர்ந்து தின்ற பெண்கள் எட்ட நின்று திருநீறு கேட்டார்கள். வீரய்யா தினமும் பெரட்டுக்குப் போகுமுன் அவள் தலைக்கு முன்னால் கைகூப்பி எதையோ முணுமுணுப்பான். என்ன என்று அவள் கேட்டதில்லை. எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டாள். ஜெயலெட்சுமி செய்ததைத்தான் தாங்கமுடியவில்லை. அந்தப் பிள்ளை அம்மாவோடு படுப்பதை விட்டுவிட்டது. அப்பாவின் முதுகுக்குப் பின்னால் போய்ச் சுருண்டுகொண்டது.

"இங்க வா ஜெயம், குளுருது."

"வேணாம். சாமி மேல காலு பட்டுரும்."

அம்மா என்று கூப்பிடுவதையும் விட்டுவிட்டது. எல்லோரையும் போல "ஆத்தா" என்றது. செத்தவளைத் தலையில் வைத்துக்கொண்டு, உயிரோடு இருப்பவளைக் கைநழுவ விடுகிறோம் என்று ரெங்கம்மாவுக்குத் தெரியாமல் இல்லை. கட்டிக்கு அடியில் தோல் புண்ணாகி, கூடைக் கயிறு பட்டாலே கண் இருண்டது. அப்போதும் கழற்ற மனம் வரவில்லை.

மழை பிடித்த மாதத்தில் ஜெயலெட்சுமிக்குக் காய்ச்சல் கண்டது. காலையில் லேசாக இருக்கும், பொழுது சாய ஏறும். நாலைந்து நாள் இறங்கவில்லை. ரெங்கம்மா பிள்ளையின் வாயைத் திறந்து நாக்கைப் பார்த்தாள்.

"என்னாங்க, புள்ளயத் தூக்குங்க. ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

வீரய்யா வாசலில் வேப்பிலை கட்டிக்கொண்டிருந்தான். பூசாரி மஞ்சள் தண்ணிச் செம்போடு நின்றார்.

"ஆஸ்பத்திரிக்கா?" என்றான் வீரய்யா. "அங்க போயித்தானே ஒருத்திய குடுத்துட்டு வந்தோம்?"

"லேட்டாப் போனோம். அதான் குடுத்தோம்."

"ஆத்தா உக்காந்திருக்கற வீடு தாயி இது" என்றார் பூசாரி. "இங்க காச்சல் வந்தா அது அவ வெளையாட்டு. ஊசி மருந்துன்னு போனா கோவிச்சுக்குவா. ரெண்டு நாள் வேப்பிலையில படுக்க வைய்யி, தானா எறங்கும்."

"இது அம்மை இல்லண்ணே. ஒடம்புல ஒரு முத்து இருக்கா, பாருங்க. நாக்கு மாவு பூசுனாப்புல வெளுத்திருக்கு. தெய்வானைக்கும் இப்படித்தான் இருந்துச்சு. அதே காச்சல்தான்."

"நீ சொல்றது இருக்கட்டும். ஒம் மேல இருக்கறவ என்னா சொல்றான்னு கேட்டுச் சொல்லு."

ரெங்கம்மாவுக்கு ஒரு பொய் போதும் என்று தோன்றியது. சொன்னாள்.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொல்றா."

பூசாரி வருத்தமாகச் சிரித்தார். "ஆத்தா பேசுனா ஒடம்பு ஆடும் தாயி. கொரலு மாறும். இது பெத்த வயிறு பேசறது. எனக்குத் தெரியாதா?"

ஆடிப் பார்க்கலாமா என்றுகூட நினைத்தாள். உடம்பு ஆடவில்லை. பாயில் கிடந்த பிள்ளை வறண்ட உதட்டை நக்கிக்கொண்டது. ரெங்கம்மா போய் வீரய்யாவின் கையை வெடுக்கென்று பிடித்தாள்.

"என்னா புள்ள பண்ற?"

"தொடுங்க."

"அடியே, சடைய..."

"தொட்டுப் பாருங்கங்கறேன்!"

அவன் விரல்களைத் தன் பிடரிக்கு மேலே கட்டிக்குள் அழுத்தினாள். புண்ணில் பட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டாள். விரலில் ஏதோ தட்டுப்பட்டது. அவன் குனிந்து வெளிச்சத்துக்கு விலக்கிப் பார்த்தான். நைந்து போன சிவப்பு நூல். சுற்றிச் சுற்றி இறுக்கிய கட்டு.

"இது என்னா?"

"சவுரி."

"சவுரியா?"

"ஒங்க மவ முடி. ஆஸ்பத்திரியில நாந்தான் வெட்டுனேன். கட்டி வைய்யி, வந்து வச்சுக்கறேன்னா. கட்டிக்கிட்டு வந்தேன். அவ இல்ல. ஆத்துல விட மனசு வரல, தலையில வச்சுக்கிட்டேன். சாமியும் இல்ல ஒண்ணும் இல்ல. சிக்கு விழுந்த சவுரிங்க இது."

வீரய்யா நூலிலிருந்து கையை எடுக்கவில்லை.

"நான் தெனமும் இதைக் கும்புட்டேனே புள்ள" என்றான். "எம் மவ ஒங்கிட்டதான் இருக்கா, பத்தரமாப் பாத்துக்கன்னு தெனமும் இதுகிட்டதானே சொன்னேன்."

ரெங்கம்மாவுக்கு அப்போதுதான் அந்த முணுமுணுப்பு என்னவென்று தெரிந்தது. தெரியாமலே இருந்திருக்கலாம் என்று அவளுக்கு இருந்தது. அவனுக்கு மிஞ்சியிருந்த ஒரே ஆறுதலையும் தன் கையாலேயே பிடுங்கிவிட்டாள்.

பூசாரி செம்பைக் கீழே வைத்தார். திட்டப் போகிறார் என்று அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் தன் தோளில் கிடந்த கம்பளியை உருவிப் பிள்ளையைச் சுற்றினார்.

"எந்திரிடா வீரய்யா. பஸ்ஸு போயிரும்."

பூசாரியும் கூடவே வந்தார். பதுளையில் பிள்ளையைச் சேர்த்துக்கொண்டார்கள். நேரத்தோடு கொண்டு வந்திருக்கிறீர்கள் என்றார் டாக்டர். மூத்தவளைப் பார்த்தபோது அப்படி யாரும் சொல்லவில்லை. பிள்ளையோடு தாய் தங்கலாம். ஆனால் வாட்டு வாசலிலேயே ரெங்கம்மாவை மறித்துவிட்டார்கள்.

"தலை முழுக்கப் பேனும் புண்ணும். இந்தத் தலையோட உள்ள விட ஏலாது. எல்லாம் நோயாளிப் புள்ளைங்க. முடிய எடுத்துட்டு, குளிச்சிட்டு வாங்க" என்றாள் வாட்டுப் பெண். அவள் சொன்னதில் தப்பில்லை.

கதவு சாத்துகிற நேரத்தில் உள்ளேயிருந்து சத்தம் வந்தது. "அம்மா! அம்மா, போகாதம்மா!"

ஆத்தா அல்ல, அம்மா. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு.

ரெங்கம்மா நிஸாமின் கடைக்கு ஓடினாள். முஸ்லிம் வீடுகளில் அக்காவைக் கூப்பிடுவது போல அவளும் ஸவாஹிராவை ராத்தா என்றுதான் கூப்பிடுவாள்.

"ராத்தா, இதைக் கொஞ்சம் பாருங்க."

ஸவாஹிரா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு அவளை ஜன்னலோரம் உட்கார வைத்தாள். கட்டியைத் தூக்கிப் பார்த்தாள். சிவப்பு நூலைக் கண்டதும் கை நின்றது.

"அல்லாஹ்வே! இது நான் கட்டித் தந்த சவுரியல்லவா? ஒங்கட மகள் வச்சிக்கிடவெண்டு கேட்டீங்களே?"

"அவ வச்சுக்கல ராத்தா. நாந்தான் வச்சுக்கிட்டேன்."

ஸவாஹிராவுக்கு விளங்கிவிட்டது. புண்ணைச் சுற்றி விரலால் தடவினாள்.

"களட்டவே இல்லியா?"

"இல்ல."

"படுக்கக்குள்ளயும் வச்சிக்கிட்டு, மழையிலயும் நனைஞ்சா முடி என்ன செய்யும், சொல்லுங்க? சரி, பயப்பட வாணாம். எண்ணெய் ஊத்தி ஊற வச்சி, நுனியில இருந்து ஒவ்வொரு இழையா எடுத்தா அவுக்க ஏலும். நான் செஞ்சிருக்கிறன். மகள்ட முடிய மகள்ட முடியாவே திரும்ப எடுத்துத் தாறன்."

ரெங்கம்மாவின் முகம் மலர்ந்தது. "எவ்வளவு நேரம் ராத்தா?"

"நேரமா? ரெண்டு மூணு நாள் போகும் புள்ள."

"வெட்டுனா?"

"வெட்டினா இப்பவே முடியும். ஆனா ரெண்டு முடியும் ஒண்டாத்தான் விழும். பொறகு ஒங்கட முடி எது, மகள்ட முடி எதுண்டு கட்டின எனக்கே சொல்ல ஏலாது. யோசிச்சிக்கங்க."

ரெங்கம்மா ஜன்னல் வழியே ஆஸ்பத்திரிச் சுவரைப் பார்த்தாள். அந்தச் சுவருக்கு உள்ளேதான் தெய்வானை செத்தாள். அதே சுவருக்கு உள்ளேதான் இன்னொருத்தி அம்மா அம்மா என்று கத்திக்கொண்டிருக்கிறாள். இரண்டு நாள் என்ன, இரண்டு மணி நேரம்கூட அந்தப் பிள்ளையைத் தனியாக விட அவளால் முடியாது.

"வெட்டுங்க ராத்தா."

"நெசமாவா?"

"கேக்காதீங்க. கேட்டா வேணாம்னு சொல்லிருவேன். வெட்டுங்க."

ஸவாஹிரா பிஸ்மில்லாஹ் சொல்லிக் கத்தரிக்கோலை வைத்தாள். ஒரு வெட்டில் போகவில்லை. ஆட்டுக் கம்பளியை வெட்டுவது போல நறநறவென்று பல வெட்டு வெட்டவேண்டியிருந்தது. ரெங்கம்மா அழுத சத்தம் கடை முன்பக்கம் வரை கேட்டது. வளையல் வாங்க வந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நிஸாம் நடுத்திரையை இழுத்துவிட்டார். கட்டி மடியில் விழுந்தபோது கழுத்து தன்னுடையது இல்லை என்பது போல லேசாகிவிட்டது. அந்த லேசுதான் அவளுக்குத் தாளவில்லை.

ஸவாஹிரா சுடுதண்ணியில் அவள் தலையைக் கழுவி, புண்ணுக்கு மருந்து போட்டு, ஒரு வெள்ளைத் துணியைக் கட்டிவிட்டாள். வெட்டிய கட்டியைக் கடதாசியில் சுற்றி, சின்னப் போத்தலில் தேங்காய் எண்ணெயும் வைத்துக் கொடுத்தாள். எண்ணெய் எதற்கு என்று ரெங்கம்மா கேட்கவில்லை. இரண்டையும் வெளியே நின்ற வீரய்யாவின் கையில் திணித்துவிட்டு வாட்டுக்குள் ஓடினாள்.

ஜெயலெட்சுமி அழுது ஓய்ந்து கிடந்தாள். அம்மா தலைத்துணியை அவிழ்த்ததும் வெறித்துப் பார்த்தாள்.

"சாமி எங்கம்மா?"

"போயிருச்சு."

"கோவிச்சுக்கிட்டா?"

"இல்ல சாமி. சும்மாதான் போயிருச்சு."

பிள்ளை பயந்து பயந்து கையை நீட்டி மொட்டைத் தலையைத் தொட்டது. "குத்துது" என்றது. பிறகு காலைத் தூக்கி அம்மாவின் இடுப்பின் மேல் போட்டுக்கொண்டு கண்ணை மூடியது. சூடு இன்னும் இருந்தது. ரெங்கம்மா அசையாமல் கிடந்தாள்.

மறுநாள் விடிந்து, காய்ச்சல் கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்று மிஸ்ஸி சொன்ன பிறகுதான் அவள் வெளியே வந்தாள். மழை விட்டிருந்தது. வாசலுக்கு எதிரே மரத்தடியில் வீரய்யா குந்தியிருந்தான். கடதாசி விரித்துக் கிடந்தது. எண்ணெய்ப் போத்தல் பாதிக்கு மேல் காலி. கவ்வாத்துக் கத்தி பிடித்துக் காய்த்துப்போன அந்த விரல்களால் அவன் கட்டியின் ஓரத்திலிருந்து ஒரு முடியை உருவிக்கொண்டிருந்தான். ஏற்கெனவே எடுத்த கொஞ்ச இழைகள் முழங்காலில் நீளமாய்க் கிடந்தன.

"காச்சல் எறங்குதுங்க" என்றாள்.

அவன் தலையை ஆட்டினான். கண்ணைத் துடைத்துக்கொள்ள முடியாமல் கையெல்லாம் எண்ணெயாக இருந்தது.

"நீளமா இருக்கறதெல்லாம் அவளோடதுன்னு எடுத்து வச்சேன் புள்ள. அப்புறந்தான் நெனப்பு வந்துச்சு. நான் கட்டிக்கிட்டு வந்தப்ப ஒனக்கும் இப்படித்தானே இருந்துச்சு. எது யாரோடதுன்னே தெரியல."

"விடுங்க. இனிமே எதுக்கு அது?"

"பூசாரி சொல்லிட்டுத்தான் போனாரு. ஆத்துல விட்டுரணுமாம். விட்டுருவோம்." அவன் மறுபடி கட்டியின் மேல் குனிந்தான். "இப்படியே எப்படிப் புள்ள விடுறது? தலை சீவாம அவ எங்கயும் போகமாட்டாளே."

ரெங்கம்மா அவனுக்கு எதிரே ஈரத் தரையில் உட்கார்ந்தாள். கட்டியைத் தன் மடிக்கு இழுத்து, போத்தலில் மிஞ்சியிருந்த எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றிக்கொண்டாள்.

"நடுவுல இழுக்காதீங்க, அறுந்துரும்" என்றாள். "நுனியிலேருந்து எடுங்க."